எடையறிந்து மூழ்குதல்

நுழையும்முன்

கடலுள் இறங்குவது அரிது. இறங்கியவர் மீண்டு வருவது அதனினும் அரிது. முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கிய நம் கடலோர மக்கள் இதனைத் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். மூழ்குவோர் தம்மோடு எவ்வளவு எடையைக் கொண்டு செல்ல வேண்டும் என்னும் வினா எளியதுபோலத் தோன்றும். ஆயினும் அதன் விடை உயிரோடு தொடர்புடையது. மன்னார் வளைகுடாவின் பழந்தொழிலையும் இன்றைய அறிவியலையும் ஒருசேர வைத்து அவ்விடையைத் தேடுகிறது இப்பாடம்.

முத்துக்குளித்த கடல்

மன்னார் வளைகுடாவின் முத்து, பண்டைக் காலம் முதலே உலகறிந்த பொருள். கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சி பேசுகிறது. சுறாமீன்கள் திரியும் கடலில் வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரை அகநானூறு காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோவும் இக்கடலில் நடைபெற்ற முத்துக்குளித்தலைத் தம் பயணக் குறிப்புகளில் எடுத்துரைத்துள்ளார்.

முத்துச்சிப்பிகள் படிந்து வாழும் கடலடித் திட்டுகள் ‘பார்’ எனப்பட்டன. அரசின் மேற்பார்வையில் குறித்த காலத்தில் நடைபெறும் முத்துக்குளிப்பு ‘சலாபம்’ எனப்பட்டது. மூழ்கிச் சிப்பி எடுப்பவர் ‘குளியாள்’ என்று அழைக்கப்பட்டார். தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களுக்குப் பின் இத்தொழில் நின்றுபோயிற்று.

பார்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் வரை ஆழத்தில் இருந்தன. மூன்று மாடி முதல் ஆறு மாடிக் கட்டடம் வரையிலான உயரம் அது. குளியாள் நீருக்குள் இருக்கக்கூடிய நேரமோ ஒரு நிமிடம். மிகுந்தால் அதற்குச் சற்று மேல். அந்தச் சிறு பொழுதுக்குள் இறங்கி, சிப்பிகளைத் திரட்டி, மேலே வந்தாக வேண்டும். இறங்குவதிலேயே நேரம் கழிந்துவிட்டால் சிப்பி எடுக்க மூச்சு எஞ்சாது. எனவே, விரைந்து இறங்குவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அவ்வழியாக அமைந்தது கல்.

கல்லும் கயிறும்

குளியாள் பயன்படுத்திய கல் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் நிறையுடையது. அடியும் முடியும் உருண்டு, மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் வடிவில் அது செதுக்கப்பட்டிருக்கும். குறுகிய முனையில் இடப்பட்ட துளையில் கயிறு கோக்கப்பட்டிருக்கும். கயிற்றின் மறுமுனை தோணியில் நிற்கும் துணையாளின் கையில் இருக்கும்.

குளியாள் தோணியின் ஓரத்தில் நீருள் நின்றவாறு ஒரு காலின் விரல்களால் கல்லின் கயிற்றைப் பற்றிக்கொள்வார். சிப்பி சேர்க்கும் வலைப்பை மற்றொரு கயிற்றில் கட்டப்பட்டு அவருடன் செல்லும். மூச்சை நிறைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் குறிப்புக் காட்டியதும், துணையாள் கல்லின் கயிற்றைத் தளர்த்திவிடுவார். கல் கீழ்நோக்கி விரையும். அதனுடன் குளியாளும் விரைவார். அடியைத் தொட்டதும் அவர் கல்லிலிருந்து காலை விடுவித்துக்கொள்வார். துணையாள் உடனே கல்லை மேலே இழுத்துவிடுவார். குளியாள் தரையில் தவழ்ந்து சிப்பிகளைப் பையில் நிரப்புவார். மூச்சு முட்டும் நிலையில் கயிற்றை அசைத்துக் குறிப்பு உணர்த்துவார். மேலே இருப்பவர் அவரையும் பையையும் இழுத்து மீட்பார். ஒரு கல்லை இருவர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் மூழ்குவதும் வழக்கமாக இருந்தது.

இன்னொரு வகைக் கல்லும் இருந்தது. இலங்கையைப் பற்றி ராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலேயர் 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குளியாளர் சிலர் பிறைவடிவக் கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு மூழ்கியதைக் குறிப்பிடுகிறார். கால்கள் கட்டின்றி இயங்க அது உதவிற்று.

இவ்விரண்டு கற்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது அடியில் விடப்படும் எடை. பின்னது உடலோடு தங்கிவிடும் எடை. மூச்சடக்கி மூழ்குவோரின் எடைகள் அனைத்தையும் இவ்விரு வகையுள் அடக்கலாம். எவ்வளவு எடை வேண்டும் என்னும் வினாவுக்கு முன், எவ்வகை எடை என்னும் வினாவுக்கு விடை காண வேண்டும். அதற்கு நீருக்குள் நம் உடல் என்ன ஆகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது.

மிதப்பின் கணக்கு

நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அப்பொருள் வெளியேற்றிய நீரின் எடைக்குச் சமமானது அத்தள்ளுவிசை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட இவ்விதியை நாம் முன்பே கற்றிருக்கிறோம். இவ்விசையை மிதப்புவிசை என்கிறோம். பொருளின் எடையைவிட மிதப்புவிசை மிகுந்தால் பொருள் மிதக்கும், குறைந்தால் அமிழும், இரண்டும் சமமானால் ஏறாமலும் இறங்காமலும் நின்ற இடத்தில் நிற்கும். அச்சமநிலையை நடுநிலை மிதப்பு என்பர்.

60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரைக் கணக்கிற்காக எடுத்துக்கொள்வோம். நுரையீரலில் உள்ள காற்றை நீக்கிவிட்டால் அவர் உடலின் பருமன் 56 லிட்டர் எனவும், அவர் நிறைத்துக்கொள்ளும் மூச்சு 5 லிட்டர் எனவும் கொள்வோம். மூச்சை நிறைத்த நிலையில் அவர் உடலின் மொத்தப் பருமன் 61 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே, அவர் வெளியேற்றும் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 62.5 கிலோகிராம். அவருடைய நிறையைக் காட்டிலும் இது 2.5 கிலோகிராம் மிகுதி. அதனால்தான் அவர் மிதக்கிறார். அவரைக் கீழே இறக்க வேண்டுமானால் அந்த இரண்டரைக் கிலோகிராம் அளவிலான தள்ளுதலை வென்றாக வேண்டும்.

எந்தப் பொருளால் ஆன எடை என்பதும் கணக்கில் சேரும். 18 கிலோகிராம் கருங்கல் ஏறத்தாழ 6.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன்மீதும் மிதப்புவிசை செயற்படுவதால் கடலுக்குள் அது 11 கிலோகிராம் அளவுக்கே கனக்கும். அதே 18 கிலோகிராம் ஈயம் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தையே அடைப்பதால், கடலுக்குள்ளும் 16 கிலோகிராமுக்கு மேல் கனக்கும். சிறிய அளவில் மிகுந்த எடை தருவதால்தான் இன்று மூழ்குவோர் ஈயக் கட்டிகளை இடுப்புப்பட்டையில் கோத்து அணிகின்றனர்.

ஆழத்தில் மாறும் உடல்

மேற்கண்ட கணக்கு நீரின் மேற்பரப்புக்கு மட்டுமே பொருந்தும். கடலுள் இறங்க இறங்க நீரின் அழுத்தம் கூடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் மிகுகிறது. மேற்பரப்பில் ஒரு மடங்காக உள்ள அழுத்தம், 10 மீட்டரில் இருமடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்மடங்கு. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும் என்பது 1662இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி.

நம் எடுத்துக்காட்டு மனிதரின் நுரையீரலில் மேற்பரப்பில் 5 லிட்டராக இருந்த காற்று, 10 மீட்டரில் இரண்டரை லிட்டராகச் சுருங்குகிறது. உடலின் மொத்தப் பருமன் 58.5 லிட்டராகக் குறைகிறது. வெளியேற்றப்படும் கடல்நீரின் நிறை 60 கிலோகிராம். அதாவது, மேற்பரப்பில் மிதந்த அதே மனிதர், எந்த எடையும் அணியாமலேயே 10 மீட்டர் ஆழத்தில் நடுநிலை மிதப்பை அடைந்துவிடுகிறார். 15 மீட்டரில் அவர் அரைக் கிலோகிராம் அளவுக்குக் கனக்கிறார். 20 மீட்டரில் ஏறத்தாழ 0.9 கிலோகிராம் கனக்கிறார். அவர் நிறை சிறிதும் கூடவில்லை. பருமன் மட்டுமே சுருங்கியிருக்கிறது.

நடுநிலைப் புள்ளிக்கு மேலே கடல் அவரை வானை நோக்கித் தள்ளுகிறது. கீழே அதே கடல் அவரை ஆழத்திற்கு விட்டுவிடுகிறது. அப்புள்ளியைத் தாண்டியவர் கைகால்களை அசைக்காமலேயே கீழ்நோக்கிச் சென்றுகொண்டிருப்பார்.

குளியாளின் கல் அடியைத் தொட்டதும் ஏன் மேலே இழுக்கப்பட்டது என்பது இப்போது விளங்கும். முதல் சில மீட்டர்களில் உடல் மேலே தள்ளப்படுகிறது. அங்கே கல் வேண்டும். 15 மீட்டர் ஆழத்தில் உடலே கல்லின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. அங்கே கல் வேண்டாம். கல்லை விட்ட பின்னும் குளியாள் மேலே எழும்பிவிடாமல் தரையில் தங்கிச் சிப்பி திரட்ட முடிந்தது இதனால்தான். பயணத்தின் எப்பகுதிக்கு எடை தேவையோ அப்பகுதிக்கு மட்டும் அதனைப் பயன்படுத்திய நுண்ணறிவு அது. பாயில் விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மூச்சடக்கி மூழ்கிய மக்கள் அதன் பயனை உடலால் அறிந்திருந்தனர்.

> தெரியுமா?
>
> கிரேக்கக் கடற்பஞ்சு எடுப்போரும் தட்டையான கல்லைக் கைகளில் ஏந்தியே மூழ்கினர். 1913ஆம் ஆண்டில் கார்ப்பதோஸ் தீவருகே ‘ரெஜினா மார்கெரிட்டா’ என்னும் இத்தாலியப் போர்க்கப்பலின் நங்கூரம் கடலில் வீழ்ந்தது. ஹாஜி ஸ்டாட்டி என்னும் கடற்பஞ்சுக் குளியாளர் கல்லின் துணையோடு 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு மூச்சடக்கி இறங்கி அதனைக் கண்டறிந்து மீட்க உதவினார்.

உடையும் எடையும்

பிற நாட்டுக் குளியாளர் வாழ்விலும் இவ்வுண்மையைக் காணலாம். ஜப்பானிய ‘அமா’ பெண்களுள் ஒரு பிரிவினர் கரையருகே துணையின்றி ஆழங்குறைந்த நீரில் மூழ்குவர். மற்றொரு பிரிவினர் கனத்த எடையைப் பற்றிக்கொண்டு படகிலிருந்து ஆழத்திற்கு இறங்குவர். பெரும்பாலும் அவர்தம் கணவரே படகில் இருந்து கயிற்றை இழுத்து மீட்பார்.

கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள ‘ஹேன்யோ’ பெண்கள் நெடுங்காலம் பருத்தி உடை அணிந்தே மூழ்கினர். 1970களில் அவர்களிடையே நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பர் உடை பரவியது. அவ்வுடை குளிரைத் தடுக்கும். ஆனால், அதனுள் எண்ணற்ற நுண்ணிய வாயுக்குமிழிகள் இருப்பதால் அது உடலை மேலே தூக்கும். அதனை ஈடுசெய்ய ஈயப்பட்டை அவர்களது கருவிகளுள் ஒன்றாயிற்று. ஹேன்யோ பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே, இன்று மூழ்குவோர் அணியும் ஈயத்தின் பெரும்பகுதி உடலை அமிழ்த்துவதற்காக அணியப்படுவதில்லை; உடை தரும் மிதப்பை ஈடுசெய்யவே அணியப்படுகிறது. அந்த மிதப்பும் நிலையானதன்று. உடையிலுள்ள குமிழிகளும் ஆழத்தில் சுருங்கும். மேற்பரப்பில் 3 கிலோகிராம் அளவுக்கு மிதப்புத் தரும் ஓர் உடை, 10 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராமும், 20 மீட்டரில் ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகவுமே மிதப்புத் தரும். ஈயமோ எவ்வாழத்திலும் சுருங்காது. அதன் கனம் அப்படியே இருக்கும்.

இரு பட்டைகளின் கதை

நம் எடுத்துக்காட்டு மனிதர் அத்தகைய உடையை அணிகிறார் எனக் கொள்வோம். மேற்பரப்பில் உடலும் உடையும் சேர்ந்து அவரை 5.5 கிலோகிராம் அளவுக்கு மேலே தள்ளும். முதல் சில மீட்டர்களைக் கடக்க அவர் கடுமையாக முயல வேண்டியிருக்கும். இந்நிலையில் அவர் இருவேறு எடைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவதாக, ஒன்றரைக் கிலோகிராம் ஈயம். இதனை அணிந்தால் மேற்பரப்பில் அவர் 4 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட மிதப்புடன் இருப்பார். 10 மீட்டரில் நடுநிலையை அடைவார். 20 மீட்டரில் ஏறத்தாழ 1.4 கிலோகிராம் கனப்பார். இறங்கும்போது தொடக்கத்தில் உழைப்பு மிகுதி. ஏறும்போதோ கடைசிப் பத்து மீட்டரில் கடலே அவரைத் தாங்கி மேலே கொணரும்.

இரண்டாவதாக, 4 கிலோகிராம் ஈயம். இதனை அணிந்தால் இறங்குவது எளிது. ஆனால், 10 மீட்டரிலேயே அவர் இரண்டு கிலோகிராமுக்கு மேல் கனப்பார். 20 மீட்டரில் ஏறத்தாழ 3.6 கிலோகிராம் கனப்பார். திரும்பும் வழியில் அக்கனத்தையும் அவரே சுமந்து நீந்த வேண்டும். மேற்பரப்பை அடைந்து மூச்சின் பாதியை வெளிவிட்டால், மிதப்பதற்கு மாறாக மீண்டும் அமிழத் தொடங்குவார். முதல் பட்டை அணிந்தவரோ அதே நிலையில் மிதந்துகொண்டிருப்பார்.

இறங்கும்போது உடலில் புது மூச்சு நிறைந்திருக்கிறது. கால்களில் வலிமை இருக்கிறது. ஏறும்போது மூச்சு தேய்ந்திருக்கிறது, தசைகள் தளர்ந்திருக்கின்றன. உழைப்பை வலிமை மிகுந்த பொழுதில் வைத்துக்கொள்வதா, தளர்ந்த பொழுதுக்கு ஒத்திவைப்பதா என்பதே எடைத்தேர்வின் உட்பொருள். குளியாளுக்குக் கனத்த கல் ஏற்றதாயிற்று. ஏனெனில், அவர் அதனை அடியிலேயே விட்டுவிட்டார். மேலே வர மற்றொருவரின் கைவலிமையும் அவருக்கு உண்டு. கொண்டு சென்ற எடையோடே திரும்ப வேண்டியவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அவர் இறங்குவதற்கு உதவும் எடையைத் தேடாமல், ஏறுவதற்கு இடையூறு செய்யாத எடையைத் தேட வேண்டும்.

கடைசிப் பத்து மீட்டர்

மூச்சடக்கி மூழ்குவோர் மயங்கிவிழும் நிகழ்வுகள் பெரும்பாலும் ஆழத்தில் நேர்வதில்லை. மேற்பரப்பை நெருங்கும்போதோ, அதனை அடைந்த சில நொடிகளிலோ நேர்கின்றன. இதற்கும் அழுத்தமே காரணம்.

ஆழத்தில் நுரையீரல் அழுத்தப்பட்டிருப்பதால் அதிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் உயர்ந்திருக்கும். ஆக்சிஜன் குறைந்துவரும் நிலையிலும் அது இரத்தத்திற்குள் எளிதில் புகும். மூழ்கியவர் தாம் நலமாக இருப்பதாகவே உணர்வார். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அழுத்தம் பாதியாகிறது. ஆக்சிஜனின் அழுத்தமும் பாதியாகிறது. பயன்படுத்தியதால் ஏற்பட்ட குறைவும் அழுத்தம் தணிந்ததால் ஏற்பட்ட குறைவும் ஒன்றுசேர, மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் கிட்டாமல் நினைவு தப்புகிறது. இதற்கு முன்னறிகுறி தோன்ற வேண்டும் என்பதில்லை.

மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவது இவ்விடரை மேலும் பெருக்கும். அதனால் உடலில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைகிறது. மூச்சுவிடத் தூண்டும் உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடே. அது குறைந்துவிட்டால், மூச்சு வேண்டும் என்னும் எச்சரிக்கை எழுமுன்பே மயக்கம் வந்துவிடக்கூடும்.

அந்நொடியில் எடை உயிரைக் காக்கும் அல்லது போக்கும். சரியான எடை அணிந்தவர் கடைசிப் பத்து மீட்டரில் நினைவிழந்தாலும் அவர் உடல் மேல்நோக்கியே செல்லும்; மேற்பரப்பில் மிதக்கும்; அருகிலுள்ளவர் அவரைப் பற்றி முகத்தை நீருக்குமேல் உயர்த்த முடியும். மிகை எடை அணிந்தவரின் உடல் ஆழத்தை நோக்கிச் செல்லும். ஓரிரு கிலோகிராம் ஈயம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சரியான எடையைக் கண்டறிதல்

ஒருவருக்குப் பொருந்தும் எடை மற்றொருவருக்குப் பொருந்தாது. உடற்கட்டு, நுரையீரலின் கொள்ளளவு, உடையின் தடிமன், நீரின் தன்மை, செல்லவிருக்கும் ஆழம் ஆகிய அனைத்தும் இதனை முடிவு செய்கின்றன. கொழுப்பு மிகுந்த உடல் எளிதில் மிதக்கும். தசை மிகுந்த உடல் அதைவிடக் குறைவாகவே மிதக்கும். நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. நம் எடுத்துக்காட்டு மனிதர் கடலிலிருந்து ஏரிக்குச் சென்றால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் மிதப்பை இழப்பார். கடலில் அவருக்குச் சரியாக இருந்த எடை ஏரியில் மிகையாகிவிடும். எனவே, உடையோ இடமோ மாறும்போதெல்லாம் எடையைப் புதிதாகச் சோதித்தறிய வேண்டும்.

பயிற்றுநர்கள் இதற்கு இரண்டு சோதனைகளைப் பின்பற்றுகின்றனர். முதற்சோதனை மேற்பரப்பில் நிகழ்வது. மூழ்குபவர் உடையும் பட்டையும் அணிந்து, நீரில் நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளிவிடுவார். அப்போதும் அவர் மிதக்க வேண்டும். அமிழ்ந்தால் எடை மிகை என்பது பொருள்.

இரண்டாம் சோதனை ஆழத்தில் நிகழ்வது. மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றின் வழியே மூச்சை நிறைத்துக்கொண்டு 10 மீட்டர் வரை இறங்கி, அசையாமல் நிற்பார். நின்ற இடத்தில் நின்றாலோ மெல்ல மேலே எழுந்தாலோ எடை ஏற்றது. கீழே இறங்கினால் எடையைக் குறைக்க வேண்டும். மிகுந்த ஆழத்திற்குச் செல்வோர் தம் நடுநிலைப் புள்ளி 10 மீட்டருக்கும் கீழே அமையுமாறு எடையை இன்னும் குறைத்துக்கொள்வர். ஆழம் கூடக் கூட எடை குறைய வேண்டும் என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். மேற்கண்ட கணக்கை அறிந்தவருக்கு அதில் முரண் இல்லை.

சோதனையைக் குறைந்த எடையிலிருந்து தொடங்கி, அரை அரைக் கிலோகிராமாகக் கூட்டிச் செல்வதே முறை. பட்டை, ஒரே கையால் நொடிப்பொழுதில் கழற்றத்தக்க கொக்கியுடையதாக இருத்தல் வேண்டும். இடர் நேர்ந்தால் முதலில் கைவிட வேண்டியது ஈயமே. பிறைக்கல்லை வயிற்றில் கட்டிய குளியாளருக்கும் கயிற்றைக் காலால் பற்றிய குளியாளருக்கும் இருந்த வேறுபாட்டை இங்கே நினைவுகூரலாம். காலால் பற்றிய கல், விரலை விரித்ததும் விடுபடும். உடலோடு கட்டிய எடையை விடுவிக்க முன்னேற்பாடு வேண்டும்.

கயிறு பிடிக்கும் கை

எடையை எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும் ஒன்றை அதனால் ஈடுசெய்ய இயலாது. அது மேலே காத்திருக்கும் துணை. முத்துக்குளிப்பவரின் கயிற்றை அவருடைய மைத்துனரே பிடிப்பார் என்றொரு செவிவழிச் செய்தி தமிழகத்தில் வழங்குகிறது. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குகிறது என்னும் எண்ணம் அவர் கையைத் தளரவிடாது என்பது அதன் விளக்கம். எல்லாத் தோணிகளிலும் மைத்துனர்தாம் கயிறு பிடித்தாரோ இல்லையோ, அந்தக் கயிறு எத்தகைய நம்பிக்கையைச் சுமந்தது என்பதை அச்செய்தி உணர்த்துகிறது.

இன்றைய பயிற்சியிலும் முதல் விதி தனியே மூழ்காமை என்பதே. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கவனிப்பார். ஏறி வருபவரைக் கடைசிப் பத்து மீட்டரில் எதிர்கொண்டு உடன்வருவார். மேற்பரப்பை அடைந்த பின்னும் அவர் சீராக மூச்சுவிடுவதைக் கண்டபிறகே பார்வையை அகற்றுவார். குளம், கிணறு, கடல் எதுவாயினும் தகுந்த பயிற்றுநரும் துணையும் இன்றி மூச்சடக்கி மூழ்க முயலுதல் கூடாது. நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும். மயக்கம் நீச்சல் திறனைப் பார்த்து வருவதில்லை.

கல்லாயினும் ஈயமாயினும் எடையின் அளவைத் திரும்பும் வழியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். கனத்த கல்லோடு இறங்கிய குளியாளர் அதனை விட்டுவிட்டு மேலே வந்தார். விட முடியாத எடையைச் சுமப்பவர் குறைவாகச் சுமக்க வேண்டும். மேலே வந்து முதல் மூச்சை இழுக்கும் நொடியிலும் உடலை மிதக்கவிடும் எடையே சரியான எடை.

கற்பவை கற்றபின்…

1. முத்துக்குளித்தல், சங்குக்குளித்தல் தொடர்பான தமிழ்ச் சொற்களைத் திரட்டி, பொருளுடன் பட்டியலிடுக.
2. உங்கள் பகுதியில் கடல்தொழில் செய்யும் முதியவர் ஒருவரைக் கண்டு, கடலின் ஆழத்தை அவர்கள் அளந்தறியும் முறையைக் கேட்டு எழுதுக.
3. மூச்சை நிறைத்த நிலையில் 5 லிட்டராக இருக்கும் காற்று, 30 மீட்டர் ஆழத்தில் எவ்வளவாகச் சுருங்கும் எனக் கணக்கிட்டு, அதனால் மிதப்பில் நேரும் மாற்றத்தை வகுப்பறையில் விளக்குக.
4. ‘குளியாளின் கல்லும் இன்றைய ஈயப்பட்டையும்’ என்னும் தலைப்பில் ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்று வரைக.